சொற்கடனும் மொழியுறவும்

லிங்கநகர் என்னும் பெயரில் வடசொல் இருப்பதனால் அங்கு வழங்குந் தமிழ் வடமொழியின் சேயாகிவிடாது. மாணவர்க்கு இதனை உணர்த்த ஆர்மீனிய மொழியைக் காட்டலாம். தன் முதற் பத்திரிகையை 1794இல் சென்னையிலே கண்ட மொழி அது. ஈரானியச் சொற்கள் மலிந்தமையால் அதனை ஈரானியக் கிளையென்றே அறிஞர் மயங்கினர். கடன்சொற்களை விலக்கி ஆராய்ந்த ஹியூப்ஷ்மன், இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தில் அது தனிக்கிளையென 1875இல் நிறுவினார். வடமொழியும் அக்குடும்பத்ததே. அன்னைக்கு இங்கு ‘மாதா’, அங்கு ‘மாயிர்’. செவிக்கே உறவு புலனாகும். ஆயின், இரண்டென்னும் பொருளுள்ள ‘த்வௌ’, ‘எர்கு’ என்பன ஒருமூலத்தன என்று செவி கூறுமோ? மூலமொழியின் ‘த்வ’ ஆர்மீனியத்தில் ‘எர்க்’ எனத் திரிதல் பிற சொற்களிலும் காணப்படுவதே சான்று. எல்லிஸ் 1816இலும் கால்டுவெல் 1856இலும் தமிழின் தனிக்குடும்பத்தைக் காட்டியது இத்தகைய ஒப்பீட்டினாலேயே. ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு, உலக மொழிகள் யாவும் தமிழிற் பிறந்தன என்றெழுதும் நம்மவரும் இதே கோலால் அளக்கப்படல் வேண்டும்.