பொது வரப்பு



எலியைக் குறித்துப் பேசும் பிரசங்கிகள் அதை இரகசியப் பாவத்துக்கு ஒப்பிட்டுவிட்டு வயலை மறந்துவிடுவது வழக்கம். நானும் அப்படிச் செய்திருக்கிறேன். இவ்வாரம் எலியை எலியாகவே விட்டுவிட்டு, அது குடியிருக்கும் வரப்பைப் பற்றி எழுதுகிறேன்.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் தென்காலை நம்பியிருக்கும் நம் பக்கத்து வயல்களில் இன்னும் சில வாரங்களில் பிசானத்துக்கு நாற்றுப் பாவ வேண்டும். ஒரே தகப்பனின் நிலத்தைப் பங்கிட்ட சகோதரர்கள் நடுவரப்பு யாருடையது என்ற வழக்கில் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். ஒருவர் மண்வெட்டியை வைத்தால் மற்றவர் சண்டைக்கு வருவார். ஆகவே இருவரும் தொடுவதில்லை. புல் மண்டிய அந்த வரப்பில் எலி நிம்மதியாகக் குடும்பம் நடத்துகிறது. இத்தகைய வரப்புகள் நம் சபையாரிடையே ஒன்றுக்கு மேல் உண்டு.

பிறகு கதிர் வாங்கும் காலத்தில் அவரவர் தம் பக்கத்தில் மட்டும் விஷம் வைக்கிறார்கள். துத்தநாக பாஸ்பைடைச் சிறிது தின்று பிழைத்த எலி மறுமுறை அந்த இரையைத் தொடாது. அடுத்த வயலில் தப்பியவை அடிக்கடி குட்டி போட்டு, காலியான வளைகளை நிரப்பிவிடும். விஷமோ வீட்டுப் பரணில் பிள்ளைகளின் கைக்கெட்டும் இடத்தில் கிடக்கிறது. எனக்கு மிகுந்த பயம் அதைப் பற்றித்தான்.

முதலாம் சாமுவேல் 6-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். தேசத்தைக் கெடுத்த சுண்டெலிகளுக்காகப் பெலிஸ்தர் பொன் சுண்டெலிகளைச் செய்தார்கள். ஐந்து அதிபதிகளுக்கும் சேர்த்தே கணக்கு; அரணான பட்டணங்களோடு மதிலில்லாத கிராமங்களும் அதில் அடங்கின. தேவனை அறியாத அவர்களுக்கும் எலி ஒருவனுடைய வயலோடு நிற்காது என்பது தெரிந்திருந்தது.

நமக்கும் தெரியாததல்ல. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து, சுற்றிலும் குளக்கரைகள் உடைந்தபோது யார் யாருக்குச் சோறு கொடுத்தார் என்று எவரும் சாதி மதம் பார்க்கவில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோன செந்தூர் ரயில் பயணிகளுக்குப் புதுக்குடி ஊரார் சமைத்துப் போட்டார்கள். அந்த வெள்ளத்தை எலியின்மேல் சுமத்த மாட்டேன். ஆனால் சாதாரண ஐப்பசி மழைக்கே வரப்பு அறுந்து, உரமிட்ட தண்ணீர் கீழ்வயலுக்கு ஓடுகிறதே, அதில் வளைகளுக்குப் பங்குண்டு. வெள்ளத்தில் ஒன்றுகூடியவர்கள் வளை தோண்ட ஏன் ஒன்றுகூடக் கூடாது?

வேலை கடினமானதன்று. மாலையில் எல்லா வளைகளையும் சேற்றால் அடைத்துவிட்டு, மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றைத் தோண்டினால் போதும். வயல் காய்ந்திருக்கும் இப்போதுதான் அது கைகூடும். சில வளைகளில் எலி சேர்த்துவைத்த நெல்லும் கிடைக்கும். முன்பு ஏழைகள் அதற்காகவே தோண்டினார்கள். வரப்பைச் சிறுத்துக் கட்டினால் வளை போட இடமிராது. பயிர் வந்தபின் தஞ்சாவூர்க் கிட்டிகளை வைக்கலாம். கூகை வந்து உட்காரக் கழிகளை நடலாம். கூகை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று அஞ்சுகிற விசுவாசிகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு தனியே பேச வேண்டும்!

பல இடங்களில் வரப்புக்கு இப்புறம் நாம், அப்புறம் இஸ்லாமியச் சகோதரர், கீழ்வயலில் இந்துச் சகோதரர். எல்லாரும் ஒரே நாளில் இறங்காவிட்டால் உழைப்பு வீண். பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடத்தில் போகும்படி ஆண்டவர் சொன்னது வயல்காரருக்கும் பொருந்தும்.

வெள்ளிக்கிழமை மாலை வளைகளை அடைப்போம். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வாலிபர்கள் மண்வெட்டியோடு ஆலய வாசலில் கூடட்டும். பக்கத்து வயல்காரரை நேரில் போய் அழைப்பது அவரவர் பொறுப்பு. வழக்கில் கிடக்கும் வரப்புகளுக்கு நானும் வருகிறேன். அங்கே இரு தரப்பாரும் நிற்கும்போதுதான் முதல் வெட்டு விழ வேண்டும்.