புது லேப்டாப்பா, வாடகைக் கம்ப்யூட்டரா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இரண்டாம் வருடம் இந்தப் பேச்சு கிளம்பிவிடும். ‘‘இந்த லேப்டாப்ல எதுவும் ஓட மாட்டேங்குதுப்பா, புதுசு வேணும்!’’ விலையைக் கேட்டதும் அப்பாவுக்குத் தலை சுற்றும். அப்போதுதான் யாராவது, ‘எதுக்கு வாங்கணும்? கிளவுடில் வெர்ச்சுவல் டெஸ்க்டாப் எடுத்துக்கலாமே’ என்பார்கள்.

விஷயம் எளிது. நிஜக் கம்ப்யூட்டர் மும்பையிலோ ஹைதராபாத்திலோ ஒரு டேட்டா சென்டரில் ஓடும். வீட்டிலிருக்கும் பழைய லேப்டாப்புக்கு அதன் திரை மட்டும் வந்து சேரும். பாரமெல்லாம் அங்கே!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. டைப் செய்ய ஆரம்பித்தால்தான் சிக்கல் தெரியும். தட்டும் ஒவ்வொரு எழுத்தும் அங்கே போய், படமாகத் திரும்பி வர வேண்டும். மும்பை என்றால் பரவாயில்லை. அமெரிக்க சர்வரைத் தேர்ந்தெடுத்தால், போய்வர கிட்டத்தட்ட கால் நொடி ஆகும். கால் நொடிதானே? ஒரு மணி நேரம் கோடிங் செய்து பார்த்தால் எரிச்சல் தலைக்கேறிவிடும். மழைக்கு நெட் போனால் வேலையும் போச்சு.

மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானது ஒரு பாதி வழி. ‘கிட்ஹப் கோட்ஸ்பேசஸ்’ போன்ற சேவைகளில் எடிட்டர் வீட்டு லேப்டாப்பின் பிரவுசரிலேயே ஓடும். புரோகிராம் ஓடுவது மட்டும் கிளவுடில். டைப் செய்வதில் தாமதம் இருக்காது. தனிநபர் கணக்குக்கு மாதம் 120 கோர் மணி நேரம் இலவசம். 2 கோர் மெஷின் எடுத்தால் 60 மணி நேரம், அதாவது தினம் இரண்டு மணி நேரம். 4 கோர் என்று ஆசைப்பட்டால் 30 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மறந்துவிட்டால்கூட, வேறு எதையும் மாற்றாதவரை 30 நிமிடத்தில் தானாக நின்றுவிடும். கிளவுடில் தனியாக எடுக்கும் சர்வர்கள் பொதுவாக அப்படி நிற்பதில்லை. நிறுத்தாமல் தூங்கப் போனால் விடிய விடிய மீட்டர் ஓடும். கார்டு அப்பாவுடையது என்றால் சொல்லவே வேண்டாம்!

ஆண்ட்ராய்டு ஆப் செய்கிற பிள்ளைக்கு மட்டும் இது கைகொடுக்காது. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவையும் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்ட 16 ஜி.பி. ரேம் தேவை என்கிறது கூகுள். எமுலேட்டரே ஒரு வெர்ச்சுவல் மெஷின்தான். அதை இன்னொரு வெர்ச்சுவல் மெஷினுக்குள் ஓட்ட எல்லா இடத்திலும் முடியாது. ஆர்டுயினோ போர்டை கேபிளில் செருகி வேலை பார்ப்பவர்களுக்கும் சொந்த மெஷின்தான் நிம்மதி.

ஐபோன் ஆப் என்றால் மேக் இல்லாமல் முடியாது. அமேசான் கிளவுடில் மேக் வாடகைக்குக் கிடைக்கிறது. ஆனால் குறைந்தது 24 மணி நேரத்துக்குப் பணம் கட்ட வேண்டும். அரை மணி நேர வேலைக்கும் ஒரு நாள் வாடகை!

வேலைக்குப் போனபின் இந்தத் தலைவலி இல்லை. கோடு வெளியே போய்விடக் கூடாது என்று நினைக்கும் கம்பெனிகள் வெர்ச்சுவல் டெஸ்க்டாப்பைத் தாங்களே கொடுத்துவிடும்.

புதிது வாங்கும் முன், பழைய லேப்டாப்பை ஒருமுறை சர்வீஸ் கடைக்காரரிடம் காட்டலாம். ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா, இல்லை போர்டிலேயே சாலிடர் செய்த ரகமா என்று கேட்க வேண்டும். ஸ்லாட் இருந்து, ஹார்டு டிஸ்க்கும் பழைய சுழலும் வகை என்றால், கூடுதல் ரேமும் ஒரு எஸ்.எஸ்.டி.யும் போட்டாலே படிப்பு முடியும்வரை பெரும்பாலும் தாங்கும்.