இடி இடித்தால் கரையேறுங்கள்!

"நீங்கள் பாட்டுக்கு நட, ஓடு, நீந்து என்று எழுதிவிடுகிறீர்கள். மழைக்காலம் வந்தால் என்ன செய்வது? விட்டுவிடலாமா, நனைந்துகொண்டே செய்யலாமா?" என்று சகோதரிகள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. சென்ற ஐப்பசியில் மழையோடு மழையாக நான் கலந்துகொண்ட ஒரு போட்டியைச் சொன்னால் பதில் அதற்குள்ளேயே வந்துவிடும்.

டிரையத்லான் என்று ஒரு போட்டி உண்டு. முதலில் நீச்சல், உடனே சைக்கிள், அது முடிந்ததும் ஓட்டம். நடுவில் உட்கார்ந்து இளைப்பாற முடியாது. உடை, செருப்பு மாற்றும் நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். 1974-இல் அமெரிக்காவில் சான் டியாகோ நகரத்தில் சிலர் விளையாட்டாக ஆரம்பித்தது. 2000-இல் சிட்னி ஒலிம்பிக்கில் இடம் பிடித்துவிட்டது. ஒலிம்பிக் தூரம் நீச்சல் 1.5 கிலோமீட்டர், சைக்கிள் 40, ஓட்டம் 10. நம்மைப் போன்றவர்களுக்காக அதில் சரிபாதியாக ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். அடேயப்பா என்று மலைக்காதீர்கள். ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்தால் 40 வயதுக்காரியாலும் முடியும்.

இந்தப் போட்டிக்கும் மழைக்கும் பழைய உறவு. 1979-இல் ஹவாய்த் தீவுகளில் 'அயர்ன்மேன்' என்ற நெடுந்தூரப் போட்டி இரண்டாம் முறையாக நடந்தது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 சைக்கிள், 42 ஓட்டம். வானிலை சீறியதால் போட்டியையே ஒரு நாள் தள்ளிப் போட்டார்கள். மறுநாள் துணிந்து கிளம்பியவர்கள் 15 பேர்தான். அதில் ஒருவர் பெண், லின் லமேர். சுமார் 12 மணி 55 நிமிடத்தில் முடித்து, அந்தப் போட்டியை முடித்த முதல் பெண் என்ற பெயரைத் தட்டிச் சென்றார்.

2021 ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கிலும் பெண்கள் போட்டியன்று புயல் மழை. 15 நிமிடம் தாமதித்தே தொடங்கினார்கள். ஈரச் சாலையில் சைக்கிள்கள் வழுக்கின. கடைசியில் பெர்முடா என்ற குட்டித் தீவின் ஃப்ளோரா டஃபி தங்கம் வாங்கினார். அந்த நாட்டுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம். வெள்ளி வாங்கிய பிரிட்டன் வீராங்கனைக்கு நடுவழியில் டயர் பஞ்சர் வேறு!

இரண்டு இடத்திலும் ஒன்றைக் கவனித்தீர்களா? வானம் மிரட்டியபோது, போட்டியை நடத்தியவர்கள் முதலில் காத்திருந்தார்கள். காத்திருந்ததால் யாருடைய வீரமும் குறைந்துவிடவில்லை.

இனி என் கதை. ஊருக்கு வெளியே ஒரு கல்லூரி வளாகம். அங்கே நீச்சல் குளம், அதைச் சுற்றி சைக்கிள் பாதை. காலை ஆறு மணிக்கே தூறல். 25 மீட்டர் குளத்தில் 30 நீளம் நீந்தினால் 750 மீட்டர். நான் பதினெட்டாவது முறை திரும்பும்போது வானத்தில் ஒரு வெளிச்சம். அடுத்த நொடி விசில் சத்தம். "எல்லாரும் வெளியே, எல்லாரும் வெளியே!" என்று தொண்டர்கள் கத்தினார்கள்.

சிலருக்கு ஒரே கோபம். "இன்னும் ரெண்டே ரவுண்டுதான் சார்!" என்று ஒருவர் கெஞ்சினார். விடவில்லை. அதுதான் சரி. மின்னல் பாயும் தண்ணீரில் இருப்பவருக்கு ஆபத்து அதிகம். குளம், கடல், ஏரி எதுவானாலும் இதே கதைதான். மரத்தடியும் தகரக் கொட்டகையும் உதவாது. நாலு சுவரும் கூரையும் உள்ள கட்டடம் வேண்டும், அல்லது கண்ணாடி ஏற்றிய கார். கடைசி இடி கேட்டதிலிருந்து 30 நிமிடம் வரை வெளியே வரக் கூடாது. நடுவில் இன்னொரு இடி கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டியதுதான். எங்களை ஒரு பெரிய ஹாலில் அடைத்தார்கள். மூன்று முறை எண்ணினோம்! ஒன்றே கால் மணி நேரம் போய்விட்டது. நீச்சலை அதோடு விட்டுவிட்டு சைக்கிளையும் ஓட்டத்தையும் மட்டும் நடத்துவதாக அறிவித்தார்கள்.

இந்த ஒன்றே கால் மணிதான் விஷயமே. நான் பையில் உலர்ந்த துண்டும் ஒரு பழைய ஸ்வெட்டரும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருந்தேன். தலையைத் துவட்டி, ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், இருபத்தெட்டு வயசு இருக்கும். ஈர உடையோடேயே மின்விசிறிக்குக் கீழே நின்றாள். என் துண்டை நீட்டினேன். "பரவாயில்லக்கா, மறுபடியும் நனையத்தானே போறோம்" என்றாள்.

சைக்கிள் கிளம்பியது. இடி நின்றிருந்தது, மழை நிற்கவில்லை. மழைச் சாலையில் வேகத்தை மறந்துவிட வேண்டும். வெள்ளைக் கோடு, சாக்கடை மூடி, உதிர்ந்த இலை மூன்றும் சோப்பு தடவிய தரை மாதிரி. வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே பிரேக்கை மெதுவாகப் பிடித்து விட்டுவிட வேண்டும். வளையும்போது பிடித்தால் குப்புறத்தான். முன்னால் போகிறவருக்கும் நமக்கும் நடுவே வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி. இப்படியே 20 கிலோமீட்டரையும் ஒரு மணி நேரத்தில் முடித்தேன். என்னைத் தாண்டிப் போனவர்கள் எத்தனையோ பேர், போகட்டும்.

சைக்கிளை வைத்துவிட்டு ஓட்டத்துக்குத் திரும்பும் இடத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஹெல்மெட்டின் கொக்கியைக் கழற்ற விரல்கள் தடவுகின்றன, முடியவில்லை. உதடு வெளுத்து, தாடை கிடுகிடு என்று ஆடுகிறது.

"அக்கா, இத கொஞ்சம் கழட்டி விடுங்களேன். வெரல் வர மாட்டேங்குது."

கழற்றினேன். கை ஐஸ் கட்டி. "நீ ஓடாதே, டாக்டர் இருக்கிற கூடாரத்துக்குப் போகலாம் வா" என்றேன்.

அவள் கண்ணில் தண்ணீர். "முடியாதுக்கா. எட்டு மாசக் கொழந்தைய மாமியார்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். பாதியில நின்னேன்னு தெரிஞ்சா, அப்பவே சொன்னேனேம்பாங்க. இனிமே எதுக்கும் வெளிய விட மாட்டாங்க."

சகோதரிகளே, இந்தப் பதிலுக்காகத்தான் இந்தக் கட்டுரையையே எழுதுகிறேன். ஆண்பிள்ளை ஒருவர் பாதியில் நிறுத்தினால், "சரி, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பார்கள். நம் வீட்டுப் பெண்ணுக்கோ ஆயிரம் சமாதானம் சொல்லிக் கிடைத்த ஒரே ஒரு காலை. அதை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் உடம்பு கெஞ்சுவதைக் காதில் வாங்க மாட்டாள். மழையைவிட இந்தப் பயம்தான் பொல்லாதது.

உடம்பின் உள்சூடு 35 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் ஆபத்து. நம் ஊரில் ஏது அவ்வளவு குளிர் என்று நினைக்காதீர்கள். ஈர உடம்பு, வீசும் காற்று, பசி, களைப்பு நாலும் சேர்ந்தால் போதும். நடுக்கமும் சொன்ன பேச்சு கேட்காத விரலும் முதல் எச்சரிக்கை. அடுத்து நாக்கு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். சூடேறாமலே நடுக்கம் நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்குத்தான்.

கையைப் பிடித்து அழைத்துப் போனேன். ஈர உடையை மாற்றி, கம்பளி போர்த்தி, சர்க்கரை தூக்கலாக சூடான டீ கொடுத்தார்கள். கை காலைத் தேய்க்கக் கூடாது என்றார் டாக்டர். அரை மணியில் முகத்தில் ரத்தம் வந்தது என்று பிறகு சொன்னாள். நான் அதற்குள் 5 கிலோமீட்டரை ஓடிவிட்டுத் திரும்பியிருந்தேன், கடைசிப் பத்துப் பேரில் ஒருத்தியாக.

வீட்டுக்குப் போன் போட்டு என்னிடம் நீட்டினாள். "அம்மா, உங்க மருமக சௌக்கியமா இருக்கா. குளிர் தாங்கலேன்னதும் புத்திசாலித்தனமா நிறுத்திட்டா" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "தலைய நல்லாத் துவட்டிட்டு வரச் சொல்லும்மா. கொழந்த தூங்கறான், அவசரமில்ல" என்றார் அந்த அம்மாள். மாமியார்களே, உங்கள் வாயிலிருந்து வரும் இந்த ஒரு வார்த்தை எவ்வளவு பெரிய பலம் தெரியுமா?

மழைக்காலத்தில் பயிற்சி செய்கிறவர்கள் இவற்றை நினைவில் வையுங்கள்.

1. வெறும் மழையென்றால் வேகத்தைக் குறைத்துச் செய்யலாம். இடி கேட்டால் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே யோகாசனம்.

2. உலர்ந்த துண்டு, மாற்று உடை, சாக்ஸ் மூன்றையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி எடுத்துப் போங்கள். காத்திருக்கும்போது ஈரத்தில் நிற்காதீர்கள்.

3. உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ளுங்கள். ஈரத் துணி தோலை அறுத்துவிடும்.

4. மழையில் தாகம் தெரியாது. ஆனாலும் வியர்க்கும். தண்ணீர் குடியுங்கள்.

5. பிரசவமானவர்கள் ஓட்டம் ஆரம்பிக்கக் குறைந்தது 12 வாரம் போகட்டும். சிசேரியன் ஆனவர்கள் டாக்டர் சொல்லும்வரை பொறுத்திருங்கள். பால் கொடுப்பவர்கள் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினால் மார்பு கனக்காது.

6. வீட்டுக்கு வந்ததும் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், ஈரத்தை இழுத்துவிடும். சைக்கிள் சங்கிலியைத் துடைத்து எண்ணெய் விடுங்கள்.

கிளம்புவதற்கு முந்தைய இரவே வீட்டில் சொல்லிவிடுங்கள்: "உடம்பு முடியலேன்னா பாதியில நிறுத்திடுவேன். அதுக்காகக் கேலி பண்ணக் கூடாது." முன்கூட்டியே சொல்லி வைத்தால், நிறுத்த வேண்டிய நேரத்தில் மனசு தடுக்காது. என்ன, சரிதானே?

பிரசவத்துக்குப் பிறகு இடுப்புத் தசைகளுக்கு வலுவூட்டும் எளிய பயிற்சிகளை அடுத்த இதழில் பார்ப்போம்.