கூட்டைக் காக்கும் மீன்

வட அமெரிக்காவில் குடும்பத்தோடு ஆற்றுக்குச் சென்று தூண்டிலிடுவது நெடுநாள் வழக்கம். பாட்டனார் படகைச் செலுத்த, பெற்றோர் இரை கோக்க, சிறுவர் தக்கையின் அசைவையே நோக்கியிருப்பர். அவர்கள் விரும்பித் தேடும் மீன்களுள் ஒன்று ஸ்மால்மவுத் பாஸ். வாய் மூடியிருக்கும்போது இதன் மேல்தாடை கண்ணின் பின்னோரத்தைத் தாண்டாது. ஆதலின் ‘சிறுவாய்’ என்னும் பொருள்படப் பெயர் பெற்றது. தெளிந்த ஓட்டமும் கல் நிறைந்த படுகையும் இதற்கு உகந்தவை. தூண்டிலில் சிக்கினால் நீரைக் கிழித்துக்கொண்டு மேலே துள்ளும். அத்துள்ளலைக் கண்ட சிறுவர் எளிதில் மறவார்.

இவ்வழக்கம் நல்லதே. எப்பருவத்தில் செல்வது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது.

இளவேனிலில் நீரின் வெப்பம் ஏறத்தாழ 15 பாகை செல்சியசை எட்டியதும், ஆண் மீன் கரையோரச் சரளைக் கற்களை வாலால் விலக்கித் தட்டுப் போன்ற பள்ளம் அமைக்கிறது. பெண் மீன் அதில் முட்டையிட்டு அகன்றுவிடும். அதன்பின் முட்டைகளையும் குஞ்சுகளையும் காப்பது தந்தை மீனே. துடுப்பை விசிறிபோல் அசைத்து முட்டைகளுக்குப் புதுநீர் சேர்க்கும்; இரை தேடுவதையும் பெரிதும் குறைத்துக்கொள்ளும். தமிழகக் குளங்களில் விரால் மீன் தன் குஞ்சுக் கூட்டத்தைக் காத்து நீந்துவது இங்கே நினைக்கத்தக்கது. கூட்டை நெருங்கும் எதனையும் பகையெனக் கருதித் தாக்கும் அத்தந்தை மீன், தூண்டில் இரையையும் அவ்வாறே கவ்வுகிறது. ஆகவே அப்பருவத்தில் பெரிய மீனைப் பிடிப்பது மிக எளிது. அதனைத் திறமை என்று கொண்டாடுவது பொருந்தாது.

“உடனே நீரில் விட்டுவிடுகிறோமே” என்பர் சிலர். மீன் பிழைக்கலாம்; கூட்டுக்குத் திரும்பவும் கூடும். ஆனால் அது படகில் படத்துக்கு நிற்கும் சில நிமிடங்களுக்குள் சுற்றிலும் காத்திருக்கும் சிறுமீன்கள் முட்டைகளைத் தின்னத் தொடங்கிவிடும். பெரும்பகுதி அழிந்துவிட்டால் தந்தை மீனே கூட்டைக் கைவிடுவதும் உண்டு. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் இனமாதலால் சில கூடுகள் அழிவதால் ஆற்றுக்குக் கேடில்லை என்னும் வாதத்தில் ஓரளவு உண்மை உள்ளது. பேராறுகளுக்கு அது பொருந்தலாம். சிற்றாற்றின் ஒரு வளைவில் இருப்பவை சில கூடுகளே. வார இறுதிதோறும் படகுகள் வந்தால் அவை தாங்கா.

சட்டமும் ஒரே குரலில் பேசவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் பல பகுதிகளில் ஜூன் மாதப் பிற்பகுதியிலிருந்துதான் பாஸ் பிடிக்க அனுமதி உண்டு. அண்டையிலுள்ள மிச்சிகனிலோ, உடனே விட்டுவிடும் நிபந்தனையோடு ஆண்டு முழுதும் பிடிக்கலாம். அங்கே முடிவு குடும்பத்தின் கையில் இருக்கிறது.

இவ்விரக்கம் இம்மீனின் தாயக ஆறுகளுக்கே உரியது. மனிதரால் புகுத்தப்பட்டு, கொலராடோ ஆற்றின் அரிய மீனினங்களை விழுங்கிவரும் பாஸுக்குக் கூட்டுரிமை கேட்பது பேதைமை.

ஜூலையில் குஞ்சுகள் பிரிந்து சென்றிருக்கும். தந்தை மீனும் பசியோடு இரை தேடித் திரியும். தூண்டிலுக்கு ஏற்ற காலம் அதுவே. மே மாதத்தில் குடும்பம் ஆற்றுக்குச் சென்றால் தூண்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கரையில் அமரலாம். நீர் தெளிந்திருந்தால், வெளிறிய பள்ளத்தின் மேல் ஒரு மீன் விலகாமல் சுற்றிச் சுற்றி வருவதைச் சிறுவர் காண்பர்.