ட்வீட்டரை மாற்றாதீர்கள், முதலில் அளந்து பாருங்கள்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் அதில் முதலில் செய்வது பாட்டு கேட்பதுதான். கூடவே வாங்கிய சின்ன ஸ்பீக்கர் சில மாதங்களில் சலித்துவிடும். பரணிலிருந்து பழைய ஆம்ப்ளிஃபயரை இறக்கி, ஆசாரியிடம் சொல்லி இரண்டு பெட்டி செய்து, வூஃபரும் ட்வீட்டரும் வாங்கி மாட்டிவிடுகிறோம். பாஸ் அதிர்கிறது. மனம் குளிர்கிறது. ஒரு வாரம் போன பிறகுதான் தெரிகிறது, பாடகி "ச" என்றும் "ஸ" என்றும் உச்சரிக்கும் இடமெல்லாம் காதில் ஊசி குத்துகிறது.

உடனே நாம் செய்வது இரண்டு காரியம். ஒன்று, ட்ரெபிள் திருகைக் குறைப்பது. இரண்டு, "இந்த ட்வீட்டர் சரியில்லை" என்று கடைக்கு ஓடுவது. இரண்டுமே தவறு என்பது என் கருத்து. கையில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் இந்தத் தவறைச் செய்யவே கூடாது. நானே செய்திருக்கிறேன் என்பதால் இதைக் கொஞ்சம் உரத்துச் சொல்கிறேன்.

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு ஹாலுக்காக ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்தேன். ஆறரை அங்குல வூஃபர், ஒரு அங்குல பட்டுத் துணி டோம் ட்வீட்டர், முக்கால் அங்குல பிளைவுட் பெட்டி. பண்ணைப்புரம் நம் மாவட்டத்து ஊர் என்ற பெருமையில் முதல் பாட்டே இளையராஜாதான். எனக்கு அருமையாகக் கேட்டது. பிளஸ் டூ படிக்கும் என் மகள் மட்டும் அரை மணி நேரத்தில் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்விடுவாள். "அப்பா, தலை வலிக்குதுப்பா, கத்துற மாதிரியே இருக்கு" என்பாள். "போன்லயே பாட்டு கேட்டு உன் காது கெட்டுப்போச்சும்மா" என்பேன் நான். இப்படியே இரண்டு மாதம் ஓடியது. ஐம்பதைத் தாண்டினால் மேல் ஸ்தாயி கேட்கும் திறன் குறையும் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அது என் காதுக்கும் பொருந்தும் என்று தோன்றவில்லை. அவளைச் சமாதானப்படுத்த ட்வீட்டரை இரண்டு முறை மாற்றினேன். காசு போனதுதான் மிச்சம்.

எங்கள் ஊரில் ஏலக்காயை முகர்ந்து பார்த்து மட்டும் யாரும் விலை வைப்பதில்லை. சல்லடை போட்டு 7 மி.மீ., 8 மி.மீ. என்று பிரித்த பிறகுதான் பேச்சு. ஏலம்கூட ஸ்பைசஸ் போர்டின் மையத்தில் கம்ப்யூட்டர் வழியாகத்தான் நடக்கிறது. காய்க்கே அளவு கேட்கிற ஊர்க்காரன் சத்தத்துக்கு மட்டும் "கேட்டாலே தெரியுமே" என்று உட்கார்ந்திருந்தேன்.

ஒரு காலத்தில் ஸ்பீக்கரை அளக்க எதிரொலி இல்லாத தனி அறையும், விலை உயர்ந்த கருவிகளும் வேண்டியிருந்தன. 2000ஆம் ஆண்டில் ஆஞ்சலோ ஃபரீனா என்ற இத்தாலியப் பேராசிரியர், தாழ்ந்த ஒலியிலிருந்து உயர்ந்த ஒலிவரை "ஊ...ய்" என்று ஏறிப்போகும் ஒரே ஒரு சத்தத்தை வைத்து அளக்கும் முறையை விளக்கினார். இன்று நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற புரோகிராம் இப்படி ஏறிப்போகும் ஒலியைக் கொண்டுதான் அளக்கிறது. ஜான் மல்கஹி என்பவர் எழுதியது. வீட்டு உபயோகத்துக்கு அதன் இலவசப் பதிப்பே தாராளம்.

மைக் விஷயத்தில் கவனம் தேவை. அளப்பதற்கென்றே யுஎஸ்பி மைக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு மைக்குக்கும் உரிய திருத்த ஃபைல் கிடைக்கும். அதை புரோகிராமில் லோடு செய்ய வேண்டும். நான் ஒரு நண்பரிடம் இரவல் வாங்கினேன். லேப்டாப்பில் உள்ள மைக்கை நம்பாதீர்கள். அது பேச்சைத் தவிர மற்றதை இரைச்சல் என்று எண்ணி வடிகட்டப் பார்க்கும். எந்த மைக்காக இருந்தாலும் விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்பதை ஆஃப் செய்துவிடுங்கள்.

ஸ்பீக்கரை ஒரு ஸ்டூலில் வைத்து, ட்வீட்டருக்கு நேரே ஒரு மீட்டர் தள்ளி மைக்கை நிறுத்துங்கள். இரண்டும் தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். சுவர்கள் அதைவிடத் தள்ளியே இருக்கட்டும். தரையில் பட்டுத் திரும்பும் சத்தம் சுமார் 2.24 மீட்டர் பயணம் செய்ய வேண்டும். நேராக வரும் சத்தத்தைவிட அது மூன்றரை மில்லி செகண்ட் தாமதமாக மைக்கை அடையும். "ஐஆர் விண்டோஸ்" என்ற இடத்தில் வலப்பக்க அளவை 3.5 என்று குறைத்தால், அதற்குப் பிறகு வரும் எதிரொலியைக் கம்ப்யூட்டர் வெட்டிவிடும். 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரைபடம் பயன்படாது. பயன்படாவிட்டால் போகட்டும், நமக்கு வேண்டியது ட்ரெபிள்தானே! பாஸை வீட்டில் அளப்பதுதான் பெரும்பாடு. ட்ரெபிளை அளக்க இந்த ஹாலே போதும்.

என் வீட்டுத் திரையில் வந்த கோட்டில் 4.5 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு மேடு. அக்கம்பக்கத்தைவிட 7 டெசிபல் உயரம். நம் காதுத் துவாரம் சுமார் இரண்டரை செ.மீ. நீளமுள்ள, ஒரு பக்கம் அடைத்த குழாய் மாதிரி. அதனாலேயே 3, 4 கிலோ ஹெர்ட்ஸ் பகுதியில் நமக்குக் காது கூர்மை அதிகம். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே மேடு இருந்தால் தலை வலிக்காமல் என்ன செய்யும்?

அடுத்து நான் செய்ததுதான் முக்கியம். ட்வீட்டரின் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி அளந்தேன். மேடு அப்படியே நின்றது! இரண்டு ட்வீட்டர்களைக் குப்பையில் போட்ட எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். குற்றவாளி வூஃபர். ஒரு அளவுக்கு மேல் வேகமாக அதிரும்போது காகிதக் கூம்பு ஒரே துண்டாக அசையாமல் ஆங்காங்கே நெளியத் தொடங்கும். அந்த நெளிசலின் கூச்சல்தான் அது. ட்வீட்டருக்கு ஒரு 4.7 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் மட்டும் போட்டுவிட்டு அதையே கிராஸ்ஓவர் என்று நினைத்திருந்தேன். வூஃபருக்குத் தடையே இல்லை. அது தன் இஷ்டத்துக்கு மேலேறிப் பாடிக்கொண்டிருந்தது.

வூஃபர் வழியில் 0.7 மில்லிஹென்றி காயில் ஒன்று, அதன் குறுக்கே 5.6 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்று. ட்வீட்டர் பக்கம் அதே மதிப்புகள், இடம் மட்டும் மாறி. 8 ஓம் ஸ்பீக்கருக்கு 2.5 கிலோ ஹெர்ட்ஸில் பிரிக்கும் பாடப்புத்தகக் கணக்கு இது. இந்த வகையில் ட்வீட்டரின் பிளஸ் மைனஸைத் தலைகீழாக இணைக்க வேண்டும். மாற்றி இணைத்துவிட்டால் பிரியும் இடத்தில் ஒரு பள்ளம் விழுந்து திரையே காட்டிக்கொடுக்கும். ஆனால் 8 ஓம் என்று எழுதியிருப்பது எல்லா அதிர்வெண்ணிலும் 8 ஓமாக இருப்பதில்லை. ஆகவே போட்ட பிறகு மீண்டும் அளக்காமல் விடாதீர்கள். என் மேடு 2 டெசிபலுக்கு இறங்கியது. செலவு, நான் வாங்கிய இரண்டாவது ட்வீட்டரைவிடக் குறைவு.

ஒரு எச்சரிக்கை. ட்வீட்டரைத் தனியாக அளக்கும்போது அதன் கெபாசிட்டரைக் கழற்றாதீர்கள். அளவையை 1 அல்லது 2 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலிருந்து தொடங்குங்கள், வால்யூமும் குறைவாக இருக்கட்டும். இல்லையென்றால் மூன்றாவது ட்வீட்டர் வாங்க வேண்டியதுதான்.

ட்ரெபிள் திருகு ஏன் உதவாது என்பதும் இதில் விளங்கும். அது மேல் பகுதி முழுவதையும் சேர்த்து இறக்கும். சலங்கையும் ஜால்ராவும் மங்கிப்போகும், மேடு மேடாகவே இருக்கும். சந்தேகமிருந்தால் ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவசப் புரோகிராமில் அந்த ஒரு இடத்தை மட்டும் குறுகலாக 7 டெசிபல் வெட்டிப் பாருங்கள். குத்தல் நின்றால் இடம் சரி. ஆனால் அது பரிசோதனைதான், வைத்தியம் ஆகாது.

எல்லா வீட்டிலும் வூஃபர்தான் காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் கணக்கு எழுதும் நண்பர், போடியில் ஒரு மெக்கானிக் செய்து கொடுத்த பெட்டியைப் பற்றி இதே புகார் சொன்னார். "ஏமாத்திட்டான் சார்" என்று பேசுமளவுக்குப் போய்விட்டது. லேப்டாப்பும் மைக்குமாக ஒரு விடியற்காலையில் போனேன். காற்று கிளம்பிவிட்டால் மைக்கில் அதுதான் விழும். காப்பி காயப்போடும் களத்தில், நாலு பக்கமும் சுவரில்லாத இடத்தில் பெட்டியை வைத்து அளந்தோம். கோடு கிட்டத்தட்ட நேராக வந்தது. பெட்டியில் பழுதே இல்லை. அவர் அறைதான் காரணம். தகரக் கூரை, சிமென்ட் தரை, வெற்றுச் சுவர். அறைக்குள் அளந்து விண்டோவைத் தளர்த்தியதும் மேல் ஸ்தாயி அடங்காமல் நீண்டு ஒலிப்பது தெரிந்தது. கூரைக்கடியில் பழைய கம்பளிகளைக் கட்டினார். அந்த மெக்கானிக்கிடம் போனில் அவர் பேசியதை நான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அதற்காகவே அந்தக் கொண்டை ஊசி வளைவுகளையெல்லாம் ஏறியது தகும்.

மைக் வாங்க முடியாதவர்களும் ஒன்று செய்யலாம். இடது பெட்டியையும் வலது பெட்டியையும் ஒரே இடத்தில், ஒரே மைக்கால் அளந்து ஒப்பிடுங்கள். மைக்கின் குறை இரண்டு கோட்டிலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால், வித்தியாசம் பெட்டியுடையதுதான். அதே சமயம் கோட்டைப் பார்த்தே குடித்தனம் நடத்துகிறவர்களும் உண்டு. 1 டெசிபல் குண்டுகுழிக்கெல்லாம் தூக்கம் கெட வேண்டியதில்லை. மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் சில குழிகள் இடம் மாறும். அவை பெட்டியின் விளிம்பில் ஒலி சிதறுவதால் வருபவை.

என் மகள் இப்போது ஹாலில்தான் படிக்கிறாள். "உன் காது சரியாத்தாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொல்ல இரண்டு நாள் ஆனது. இடது பெட்டியில் 14 கிலோ ஹெர்ட்ஸில் இன்னும் ஒரு பள்ளம் இருக்கிறது. எனக்கு அது கேட்கவே கேட்காது, திரையில்தான் தெரிகிறது. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்து பார்க்கலாம் என்றிருக்கிறேன்.