சேப்பாக்கம் அரண்மனை: புதுப்பிக்கப்பட்ட சுவர்களும் மறைக்கப்பட்ட கணக்கும்

சேப்பாக்கம் அரண்மனையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அதன் வளைவுகளையும் குவிமாடங்களையும் வியந்து, இந்தோ-சாரசெனிக் பாணியின் முன்னோடி என்று புகழ்ந்து முடித்துவிடுகின்றனர். ஓர் அரச இல்லம் எவ்வாறு அரசு அலுவலகமாயிற்று என்ற வினாவை எழுப்புவோர் அரியர். கலை வரலாறு இங்கே அரசியல் வரலாற்றுக்குத் திரையாகிவிட்டது.

1768இல் ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா இங்கே குடியேறினார். இதைக் கட்டியவராகக் கருதப்படும் பால் பென்ஃபீல்டு கம்பெனியின் ஊழியர். நவாபுக்குக் கடன் கொடுத்தவர்களில் முதன்மையானவரும் அவரே. கம்பெனியின் போர்ச்செலவு நவாபின் தலையில் விழுந்தது. அதை ஈடுகட்டக் கம்பெனி ஊழியர்களிடமே அவர் வட்டிக்கு வாங்கினார். இக்கடன்களின் முறைகேட்டை எட்மண்ட் பர்க் 1785இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கடுமையாகச் சாடினார். 1801இல் கர்நாடகத்தின் ஆட்சி கம்பெனிக்குச் சென்றது. 1855இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்ததும் பட்டமும் ஒழிக்கப்பட்டது. கடனைத் தீர்ப்பதற்கென்று அரண்மனை ஏலத்திற்கு வந்தது. வாங்கியது சென்னை அரசாங்கம். கடனை வளர்த்த ஆட்சியே சொத்தையும் பெற்றது. இதனை வெறும் ‘கைமாற்றம்’ என்று எழுதுவது வரலாறாகாது.

பின்னர் வந்த ராபர்ட் சிஷோம் கலச மகாலுக்கும் ஹுமாயூன் மகாலுக்கும் இடையே கோபுரம் எழுப்பினார். வருவாய் வாரியம் நவாபின் கட்டடக்கலையையே அணிந்துகொண்டு வரி தண்டியது. தோற்றவரின் உடையை வென்றவர் உடுத்திய இக்காட்சியையே ‘பண்பாட்டுக் கலப்பு’ என்று பாடநூல்கள் போற்றுகின்றன.

அலுவலகமாக இருந்ததனால்தான் கட்டடம் பிழைத்தது என்பர் சிலர். 2012 ஜனவரியில் கலச மகால் தீக்கிரையானபோது அங்கே அரசு அலுவலகங்களே இயங்கிவந்தன. பயன்பாடு மட்டும் பாதுகாப்பாகாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அதன்பின் நடந்த புதுப்பிப்புப் பணி பாராட்டத்தக்கதே. ஆயினும் சுண்ணாம்புச் சாந்து சுவரை மீட்குமேயன்றி நினைவை மீட்காது.

அரண்மனையைக் காலி செய்ய வேண்டுமென்பதன்று இங்குள்ள வாதம். அதன் ஒரு கூடமேனும் பொதுமக்களுக்குத் திறக்கப்பட வேண்டும். அங்கே கடன், உடன்படிக்கை, ஏலம் ஆகியவற்றின் கதை தமிழில் எழுதி வைக்கப்பட வேண்டும். அதற்கான ஆவணங்களைத் தேட நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை; எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது. குவிமாடங்களை அளந்த ஆய்வுகள் போதும். இனிக் கணக்கேடுகள் படிக்கப்படட்டும்.