‘பி’ எங்கே போச்சு?

சுட்டிகளே, ஒரு சின்னச் சோதனை. பி, எஸ், ஐ, ஓ, என். இந்த ஐந்து ஆங்கில எழுத்துகளையும் இதே வரிசையில் நோட்டில் எழுதுங்கள். எழுதியாச்சா? இப்போது சேர்த்து வாசியுங்கள், பார்ப்போம்.

‘பிசியான்’ என்றீர்களா? ‘ப்ஸியோன்’ என்று நாக்கைச் சுருட்டிப் பார்த்தீர்களா? பக்கத்தில் இருக்கும் அக்காவைக் கேட்டால் மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். சரியான விடை, ‘சையான்’. முதல் ஆளாக வந்து நிற்கும் ‘பி’ வாயே திறக்காது!

யார் இந்த சையான்? இங்கிலாந்தில் இருந்த ஒரு கம்பெனி. தென் ஆப்பிரிக்காவில் பிறந்து, லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இயற்பியல் பாடம் நடத்திய டேவிட் பாட்டர் என்பவர் 1980-ல் இதைத் தொடங்கினார். முதலில் கம்ப்யூட்டர் விளையாட்டுகளும் புரோகிராம்களும் எழுதி விற்றார்கள். 1984-ல் ‘சையான் ஆர்கனைசர்’ என்ற கையடக்கக் கணினியைக் கொண்டு வந்தார்கள். செல்போன் இல்லாத காலத்தில், சட்டைப் பையில் ஒரு கம்ப்யூட்டர்! (பை கொஞ்சம் பெரிதாகத்தான் இருக்க வேண்டும்.)

பெயர் எப்படி வந்தது தெரியுமா? ‘பாட்டர் சயன்டிபிக் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்’ என்பதன் முதல் எழுத்துகள் பி, எஸ், ஐ. அந்தப் பெயரை வேறு யாரோ ஏற்கெனவே வைத்துக்கொண்டு விட்டதால், ‘ஆர் நத்திங்’ என்ற இரண்டு சொற்களின் முதல் எழுத்துகளைக் கடைசியில் ஒட்டினார்கள் என்று கதை சொல்வார்கள். ‘இதுதான், இல்லாவிட்டால் ஒன்றுமே வேண்டாம்’ என்று அர்த்தம். நல்ல பிடிவாதம்!

சரி, ‘பி’ ஏன் பேசவில்லை? பி, எஸ், ஐ மூன்றும் சேர்ந்தால் கிரேக்க மொழியின் ஓர் எழுத்து. திரிசூலம் மாதிரி இருக்கும். கிரேக்கர்கள் அதைச் சொல்லும்போது ‘ப்’, ‘ஸ்’ இரண்டையுமே உச்சரிப்பார்கள். ஆங்கிலேயர்களுக்கு ஒரு சொல்லின் தொடக்கத்தில் ‘ப்ஸ்’ வந்தால் வாய் ஒத்துழைக்காது. அதனால் ‘ப்’பை விழுங்கிவிட்டார்கள். ஆனால் எழுதும்போது மட்டும் விடவில்லை. ‘சைக்காலஜி’ என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள், முன்னால் ஒரு ‘பி’ சும்மா உட்கார்ந்திருக்கும். ‘நிமோனியா’வுக்கும் அப்படித்தான்.

இதைப் படித்துவிட்டு ஆங்கிலேயர்களைக் கேலி செய்ய வேண்டாம். நமக்கு மட்டும் வாய் ஒத்துழைக்கிறதா? மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்று தமிழ் இலக்கண வகுப்பில் படித்திருப்பீர்கள். அதனால்தான் ‘ஸ்கூல்’ நம் தாத்தா பாட்டி வாயில் ‘இஸ்கூல்’ ஆயிற்று. ஆங்கிலேயர் ஓர் எழுத்தை விழுங்கினார்கள். நம்மவர்கள் ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டார்கள். ஸ்பெயின் நாட்டுக்காரர்களும் நம் கட்சிதான். பள்ளிக்கூடத்தை அவர்கள் ‘எஸ்குவேலா’ என்பார்கள்!

இங்கேதான் என் கருத்தைச் சொல்ல வேண்டும். வகுப்பில் யாராவது எழுந்து பாடம் வாசிக்கும்போது ஒரு பெயரைத் தப்பாக உச்சரித்தால், பின் பெஞ்சிலிருந்து ‘கெக்கெக்கே’ என்று சிரிப்பு வருகிறதல்லவா? அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

யோசித்துப் பாருங்கள். ‘சையான்’ என்று சரியாகச் சொல்பவர் யார்? அதை யாரோ சொல்லிக் காதால் கேட்டவர். ‘பிசியான்’ என்று சொல்பவர் யார்? யாரும் சொல்லித் தராமல், தானே எங்கேயோ படித்துத் தெரிந்துகொண்டவர். வீட்டில் ஆங்கிலம் பேச ஆள் இருந்தால் முதல் வகை. லைப்ரரியில் தனியாக உட்கார்ந்து புத்தகம் புரட்டினால் இரண்டாம் வகை. இதில் யாரைப் பார்த்து யார் சிரிப்பது? ‘பி’ ஊமை என்பதை எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. கண்டுபிடிக்க முடியாத ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை என்று ஒருவரை மக்கு என்பது நியாயமா, சொல்லுங்கள்!

‘அப்படியானால் எப்படி வேண்டுமானாலும் சொல்லலாமா மாமா?’ என்று ஒரு வாலு கேட்பது காதில் விழுகிறது. கூடாது. பெயர் வைத்தவர் எப்படிச் சொல்கிறாரோ, தெரிந்த பிறகு நாமும் அப்படிச் சொல்வதுதான் மரியாதை. நம் கனிமொழி அக்காவின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ழ’வுக்கு இசட், எச் என்று இரண்டு எழுத்து போடுகிறோம். வடக்கே டி.வி.யில் செய்தி வாசிப்பவர்கள் சிலர் அதைப் பார்த்து ‘கனிமொஸி’ என்கிறார்கள். நமக்கு உடனே கோபம் வருகிறது. அவர்கள் செய்ததும் நாம் ‘பிசியான்’ என்றதும் ஒரே விஷயம்தானே! ஒருமுறை மெதுவாகச் சொல்லிக் கொடுத்தால் திருத்திக்கொள்வார்கள். சொல்லிக் கொடுத்த பிறகும் திருத்தாவிட்டால், அப்போது கோபப்படலாம். நானும் சேர்ந்துகொள்கிறேன்.

பொருள்களின் பெயர் விஷயத்தில் நான் இவ்வளவு கறார் இல்லை. கம்ப்யூட்டரில் ஆடும் குட்டிப் படங்களை ‘கிஃப்’ என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். 1987-ல் அதை உருவாக்கிய குழுவின் தலைவர் ஸ்டீவ் வில்ஹைட், ‘ஜிஃப்’தான் சரி என்று 2013-ல் கூட விருது மேடையில் சொன்னார். யார் கேட்டார்கள்? பாதி உலகம் இன்னும் ‘கிஃப்’தான். அந்தப் படம் இதற்காக அழப்போவதில்லை. கனிமொழி அக்காவுக்கு வருத்தமாக இருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

சரி, பெயர் போதும். உள்ளே திறந்து பார்ப்போம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1984-ல் வந்த ஆர்கனைசரில் வேலை செய்ய இருந்த நினைவகம் எவ்வளவு தெரியுமா? 2 கே.பி.! ஜி.பி. இல்லை, எம்.பி.யும் இல்லை, வெறும் கே.பி. ஓர் ஆங்கில எழுத்து ஒரு பைட். 1,024 பைட் சேர்ந்தால் ஒரு கே.பி. ஆக, 2,048 எழுத்துகள். உங்கள் கட்டுரை நோட்டில் ஒன்றிரண்டு பக்கம் நிரம்பும். இன்று 4 ஜி.பி. ராம் உள்ள போன் இருக்கிறதே, அது இதைவிட 20 லட்சம் மடங்குக்கும் மேலே! திரையில் ஒரே ஒரு வரி. அதில் 16 எழுத்துகள். விசைகள் டைப்ரைட்டர் மாதிரி இல்லாமல் ஏ, பி, சி, டி என்று வரிசையாக இருக்கும்.

இதில் நண்பர்களின் போன் நம்பரை எல்லாம் எப்படிச் சேமிப்பது? அதற்கு ‘டேட்டாபேக்’ என்று தீப்பெட்டி போன்ற குட்டிப் பெட்டிகள் கொடுத்தார்கள். கணினியின் முதுகில் இரண்டு பெட்டிகளைச் செருகலாம். ஒரு பெட்டியில் 8 கே.பி. அல்லது 16 கே.பி. ஒரு பெயருக்கும் நம்பருக்கும் 40 எழுத்து என்று வைத்துக்கொண்டால் பெரிய பெட்டியில் ஏறக்குறைய 400 பேரை அடைக்கலாம். ஓர் ஊர்க் கல்யாணத்துக்குப் போதும்!

ஏன் இரண்டு விதமான நினைவகம்? சிலேட்டையும் நோட்டையும் நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருந்த 2 கே.பி. சிலேட்டு மாதிரி. எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். ஆனால் மின்சாரம் போனால் எல்லாமே மறந்துவிடும். டேட்டாபேக், பால்பாயின்ட் பேனாவால் எழுதிய நோட்டு மாதிரி. பேட்டரியைக் கழற்றினாலும் எழுதியது அப்படியே இருக்கும். ஆனால் ரப்பர் போட்டு அழிக்க முடியாது!

உங்கள் நண்பன் வீடு மாறி, நம்பரும் மாறிவிட்டது என்று வையுங்கள். கணினி என்ன செய்யும்? பழைய நம்பரின் மேல் ‘இது செல்லாது’ என்று ஓர் அடையாளம் போடும். புது நம்பரைக் கீழே காலி இடத்தில் எழுதும். பழையது திரையில் தெரியாது, ஆனால் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். பத்து தடவை மாற்றினால் பத்து நம்பருக்கு இடம் காலி. கடைசியில் பெட்டி நிரம்பிவிட்டால்? வேண்டிய விவரங்களை வேறு பெட்டியில் பிரதி எடுத்துக்கொண்டு, நிரம்பிய பெட்டியைக் கழற்றி, புற ஊதாக் கதிர் விளக்கின் கீழே வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் சில்லில் அந்தக் கதிர் பட வேண்டும். பத்து, இருபது நிமிடம் அப்படிக் குளிப்பாட்டினால் எல்லா எழுத்தும் ஒன்றாக அழிந்து, பெட்டி மறுபடி புதுசாகிவிடும். ஒரே ஒரு நம்பரை மட்டும் அழிப்பது என்ற பேச்சே கிடையாது. எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. பெயருக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது!

இப்படி ஒரு கணினி கையில் இருந்தால் எதையும் எழுதும் முன் யோசிப்போமா, மாட்டோமா? ‘இது நிஜமாகவே வேண்டுமா?’ என்று ஒரு கேள்வி தானாக வரும். புரோகிராம் எழுதியவர்களும் அப்படித்தான். ஒவ்வொரு பைட்டையும் அம்மா மாசக் கடைசியில் சில்லறையை எண்ணுவது போல எண்ணிச் செலவழித்தார்கள். அந்தச் சிக்கனம் வீண் போகவில்லை. 1991-ல் ‘சீரிஸ் 3’ வந்தது. நினைவகம் 128 கே.பி. அல்லது 256 கே.பி. போடுவது, சாதாரண டார்ச் பேட்டரி போல இரண்டு பென்சில் பேட்டரி. அதில் டைரி, அகராதி மாதிரி முகவரிப் பட்டியல், கட்டுரை எழுதும் வசதி எல்லாம் இருந்தன. 1997-ல் வந்த ‘சீரிஸ் 5’-க்காக எழுதிய மென்பொருள்தான், 1998-ல் நோக்கியா போன்ற போன் கம்பெனிகளுடன் சையான் கூட்டுச் சேர்ந்தபோது ‘சிம்பியன்’ என்ற பெயரில் போன்களுக்குள் புகுந்தது. 2000-களில் உங்கள் மாமாவோ சித்தப்பாவோ பெருமையாக வைத்திருந்த நோக்கியா ஸ்மார்ட்போனுக்குள் ஓடியது அதுவே. சையான் கம்பெனி 2001-ல் இந்த மாதிரி வீட்டு உபயோகக் கையடக்கக் கணினிகளை நிறுத்திக்கொண்டது. 2012-ல் மோட்டோரோலா சொல்யூஷன்ஸ் கம்பெனி சையானையே வாங்கிவிட்டது.

இப்போது போன் கடைக்குப் போகிறோம். ‘எத்தனை ஜி.பி.?’ என்பதுதான் முதல் கேள்வி. ‘என் ஃப்ரெண்டு போன் 128, எனக்கு 256 வேணும்!’ என்று வீட்டில் சண்டை. நான் கேட்பது வேறு. எதற்கு? 3 எம்.பி. அளவுள்ள ஒரே ஒரு போட்டோ, ஆர்கனைசரின் 2 கே.பி. நினைவகத்தைப் போல 1,536 மடங்கு இடம் பிடிக்கும். ஒரே பூனையை ஏழு தடவை எடுத்து ஏழையும் வைத்திருக்கிறோமே, அதற்காக அப்பா கூடுதலாகப் பணம் கொடுக்க வேண்டுமா? ‘இடம் இல்லை’ என்று போன் சொன்னால் பாதி நேரம் குப்பையைக் கூட்டினாலே போதும்.

ஆனால் ஒன்று. ‘அந்தக் காலத்தில் 2 கே.பி. போதவில்லையா?’ என்று பெரியவர்கள் யாராவது சொன்னால், அதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். யாருக்குப் போதுமாக இருந்தது? ஆங்கிலத்தில் பெயரும் நம்பரும் எழுதியவர்களுக்கு! இப்போது எல்லாக் கணினிகளும் பயன்படுத்தும் யூனிகோடு முறையில் ‘தமிழ்’ என்ற சொல்லைச் சேமித்துப் பாருங்கள். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. கணினி எண்ணினால் த, ம, அதன் கொக்கி, ழ, அதன் மேல் புள்ளி என்று ஐந்து. ஒவ்வொன்றுக்கும் பொதுவாக 3 பைட். ஆக 15 பைட். 2 கே.பி.யில் ‘தமிழ்’ என்று 136 தடவை எழுதினால் வேறு எதற்கும் இடமில்லை. 1986-ல் வந்த ஆர்கனைசர்-2 திரையில் ஓர் எழுத்துக்குக் கிடைத்த அகலம் 5 புள்ளி. ‘ஏ’, ‘பி’ எல்லாம் சுகமாக உட்காரும். அதற்குள் நம் ‘ணௌ’வை உட்கார வையுங்கள் பார்க்கலாம்!

பார்வை இல்லாத ஒருவருக்குப் போன் தமிழில் படித்துக் காட்டுகிறது. பாட்டி பேசினால் அதைத் தமிழிலேயே எழுதித் தருகிறது. இதற்கெல்லாம் நிறைய நினைவகம் வேண்டும். அதைக் கேட்டு வாங்குவதில் தப்பே இல்லை. பூனைப் படம் ஏழுக்கு மட்டும் என் ஓட்டு கிடையாது. நோட்டை எடுத்து 5 கட்டம் அகலம், 8 கட்டம் உயரம் போட்டு, கட்டங்களைக் கறுப்பாக்கி ‘ழ’ வரைய முடிகிறதா என்று பாருங்கள். வந்துவிட்டால், அடுத்து ‘ழூ’!